சாரணர் உறுதிமொழியில் கடவுள்

வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, கட்டைவிரலால் சுண்டுவிரலை மடக்கிப் பிடித்து, மற்ற மூன்று விரல்களை நிமிர்த்தி நிற்கும் ஒரு சாரணப் பிள்ளையிடம் அந்த மூன்று விரல் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். மனப்பாடமாகப் பதில் வரும்: கடவுளுக்கும் நாட்டுக்குமான கடமை, பிறருக்கு உதவி, சாரணர் விதிக்குக் கீழ்ப்படிதல். சொல்லி முடித்த கையோடு பிள்ளை கயிற்று முடிச்சு போடப் போய்விடும். பெரியவர்கள்தாம் நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த முதல் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

எல்லா மதத்துப் பிள்ளைகளும் வரலாம் என்று சொல்லும் ஓர் இயக்கம் வாசலிலேயே கடவுளின் பெயரை ஏன் கேட்கிறது? கேட்டால், எந்தக் கடவுளை? அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லும் பிள்ளையை என்ன செய்வது? நாட்டுக்கு நாடு விடை மாறியிருக்கிறது. ஒரே நாட்டிலும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் கடவுள் யார் என்பதை வேண்டுமென்றே வரையறுக்காமல் விட்டார். அந்தத் தெளிவின்மைதான் இயக்கத்தை இத்தனை நாடுகளுக்குக் கொண்டுபோனது. அதைத் தெளிவாக்கியே தீருவோம் என்று கிளம்பிய அலுவலகங்கள்தாம் சிக்கலில் மாட்டிக்கொண்டன.

பேடன் பவல் 1857இல் பிறந்தார். அவருடைய தந்தை ஆக்ஸ்ஃபோர்டில் வடிவகணிதப் பேராசிரியர். கூடவே ஆங்கிலிக்கன் திருச்சபைக் குரு. சாதாரணக் குருவும் அல்ல. 1860இல் இங்கிலாந்தையே கலக்கிய ஒரு கட்டுரைத் தொகுப்பில் அவரும் எழுதியிருந்தார். அற்புதங்களை நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டுவது செல்லாது என்பது அவர் வாதம். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்திருந்த டார்வினின் நூலை அதே கட்டுரையில் வரவேற்றார். அந்த ஆண்டே இறந்தும் போனார். மகனுக்கு அப்போது மூன்று வயது. அப்பாவின் சிந்தனை மகனுக்கு அப்படியே இறங்கியது என்று சொல்வது மிகை. ஆனால் கோட்பாட்டுச் சண்டைகளில் மகனுக்குச் சுத்தமாக ஆர்வம் இருந்ததில்லை என்பதும், இயற்கையைக் கூர்ந்து பார்ப்பதே கடவுளை அறியும் வழி என்று அவர் திரும்பத் திரும்ப எழுதியதும் அந்த வீட்டுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கின்றன.

1876இல் இளம் ராணுவ அதிகாரியாக லக்னோவுக்கு வந்து சேர்ந்தவர், அதன்பின் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பல மதத்து மனிதர்களின் நடுவே கழித்தார். 1907 ஆகஸ்டில் பிரவுன்ஸீ தீவில் சிறுவர்களை வைத்து முதல் பாசறை நடத்தினார். மறு ஆண்டு ‘சிறுவர்களுக்கான சாரணியம்’ வெளிவந்தது. தடம் பார்ப்பது, அடுப்பு மூட்டுவது, ஆற்றைக் கடப்பது என்று பக்கம் பக்கமாகப் போகும் அந்த நூலில் மதத்துக்குக் கிடைத்த இடம் கொஞ்சம். சாரம் இரண்டே பகுதி: கடவுளை வணங்கு, அடுத்தவருக்கு உதவு. ஞாயிற்றுக்கிழமைப் பாசறைக்கு அவர் விரும்பியதும் கட்டாயத் தேவாலய அணிவகுப்பை அல்ல. திறந்தவெளியில், சிறுவர்களே நடத்தும், சபைப் பிரிவு பார்க்காத, சுருக்கமான ஒரு கூடுகை. அதைச் சாரணர்களுக்கே சொந்தமான வழிபாடு என்று அழைத்தார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. பேடன் பவல் எழுதிய சாரணர் விதிகளில் கடவுள் இல்லை. 1908இல் ஒன்பது விதி. மனம், சொல், செயலில் தூய்மை என்ற பத்தாவது 1911இல் சேர்ந்தது. நம்பகம், விசுவாசம், மரியாதை, விலங்குகளிடம் அன்பு, சிக்கனம் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. கடவுள் உறுதிமொழியில் மட்டும் வருகிறார். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. விதியைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கலாம்: பையன் பொய் சொன்னானா, நாயைக் கல்லால் அடித்தானா என்று சாரண ஆசிரியருக்குத் தெரியும். உறுதிமொழியோ ஒருவன் தன் மானத்தின் மேல் ஆணையிட்டுச் சொல்வது. அதை நிறைவேற்றினானா என்பது அவனுக்கும் அவன் மனச்சாட்சிக்கும் உள்ள கணக்கு. கடவுளை விதிப் பட்டியலில் வைத்திருந்தால் அவரும் தேர்வுக்குரிய பாடமாகியிருப்பார்.

கடவுள், அரசர் என்ற சொற்களை மனச்சாட்சி இடம் கொடுக்காமல் சொல்ல முடியாதவர்களுக்கென்று அவர் காலத்திலேயே ஒரு மாற்று உறுதிமொழியும் இருந்தது. பின்னாளில் உலக அமைப்பு புதிய நாடுகளுக்கு அதை மறுத்துவிட்டது. முன்பே எடுத்துக்கொண்ட சில சங்கங்கள் மட்டும் வைத்துக்கொண்டன. இன்றைய உலகச் சாரணர் அமைப்பின் சட்டத்தில் ‘கடவுளுக்கான கடமை’ என்பது மூன்று அடிப்படைக் கோட்பாடுகளில் முதலாவது. ஆனால் தலைப்பைத் தாண்டி விளக்கத்தைப் படித்தால் கடவுள் என்ற சொல்லே அங்கு வராது. ஆன்மிக நெறிகளைப் பற்றி நிற்பது, அவற்றை வெளிப்படுத்தும் சமயத்துக்கு உண்மையாக இருப்பது, அதனால் வரும் கடமைகளை ஏற்பது என்றுதான் இருக்கிறது. வரைவை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்.

அமெரிக்கா இந்த நெளிவு போதாது என்று நினைத்தது. அங்கே சாரணர் சங்கம் 1910 பிப்ரவரி 8 அன்று பதிவானது. கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் ஆட்கள் அதன் தொடக்கத்தில் முன்னே நின்றார்கள். அடுத்த ஆண்டு தலைமை நிர்வாகியாக வந்த ஜேம்ஸ் வெஸ்ட் ஓர் அனாதை விடுதியில் வளர்ந்தவர், கால் ஊனமுற்றவர், சட்டம் படித்தவர், மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் அந்தச் சங்கத்தை இரும்புப் பிடியில் வைத்திருந்தவர். அவர் காலத்தில் விதிகள் பன்னிரண்டாயின. கடைசியாகச் சேர்ந்தவை வீரம், தூய்மை, பக்தி. பன்னிரண்டாவது விதியின் விளக்கத்துக்கு இரண்டு பாதி: சாரணன் கடவுளிடம் பயபக்தியோடு தன் சமயக் கடமைகளைத் தவறாமல் செய்வான், சமயம், வழக்கம் ஆகியவற்றில் பிறருடைய நம்பிக்கைகளை மதிப்பான். கூடவே ஒரு சமயப் பிரகடனமும் சங்கத்தின் சட்டத்தில் ஏறியது: கடவுளுக்குத் தனக்குள்ள கடப்பாட்டை ஒப்புக்கொள்ளாத எவரும் சிறந்த குடிமகனாக வளர முடியாது என்பது அதன் கருத்து. அதே பிரகடனம், சங்கம் எந்தப் பிரிவையும் சாராது, சமயப் பயிற்சி குடும்பத்தின் பொறுப்பு, ஆலயத்தின் பொறுப்பு என்றும் சொல்கிறது.

நடைமுறையில் இது நெடுங்காலம் நன்றாகவே ஓடியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம், அமெரிக்கச் சங்கம் குழுக்களை நேரடியாக நடத்துவதில்லை. தேவாலயம், பள்ளி, சங்கம் என்று ஏதோ ஓர் அமைப்பு உரிமம் பெற்றுக் குழுவை நடத்தும். அவற்றில் பெரும்பான்மை மத அமைப்புகள். மார்மன் திருச்சபை 1913இலேயே வந்து சேர்ந்தது. கத்தோலிக்கர், யூதர், லூத்தரன், பௌத்தர், முஸ்லிம், இந்து என்று ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் பிள்ளைகளுக்குத் தனிப் பதக்கம் வைத்தார்கள். பாடத்திட்டத்தை வகுத்தது அந்தச் சமயத்தார். சங்கம் சீருடையில் அணிய இடம் கொடுத்ததோடு சரி. கடவுளைப் படைத்தவராக ஏற்காத பௌத்தப் பிள்ளைக்கும் இடம் இருந்தது. எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை, ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்பது அந்த ஏற்பாட்டின் ரகசியம்.

‘ஏதோ ஒன்றும் இல்லை’ என்று ஒரு பிள்ளை சொன்னபோது ரகசியம் உடைந்தது. 1980களின் இறுதியில் இல்லினாயில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் சேர வந்தான். அவனும் அவன் தந்தையும் நம்பிக்கையற்றவர்கள். சேர்க்க மறுத்தார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 1993இல் சங்கத்தின் பக்கம் தீர்ந்தது. கலிஃபோர்னியாவில் இரட்டைச் சகோதரர்கள் உறுதிமொழியில் கடவுள் என்ற சொல்லைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். 1998இல் அம்மாநில உச்ச நீதிமன்றமும் சங்கத்துக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. இரண்டு வழக்கிலும் நீதிபதிகள் பார்த்தது கடவுளை அல்ல. இந்தச் சங்கம் கடை, உணவகம் போல எல்லோருக்கும் கதவு திறக்கக் கடமைப்பட்ட பொது இடமா, இல்லை தன் உறுப்பினரைத் தானே தேர்ந்துகொள்ளும் தனியார் கழகமா என்பதைத்தான். கழகம் என்றார்கள். சட்டப்படி சங்கம் வென்றது. ஆனால் ‘நாங்கள் எல்லாச் சிறுவர்களுக்கும் உரியவர்கள்’ என்று தொண்ணூறு வருஷமாகச் சொல்லிவந்த பேச்சு அந்த வெற்றியிலேயே போயிற்று.

2002இல் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது இன்னும் கூர்மையானது. அமெரிக்கச் சாரணியத்தின் ஆக உயர்ந்த படியான கழுகு நிலையை எட்டிய பத்தொன்பது வயது இளைஞன் தான் நாத்திகன் என்று வெளிப்படையாகச் சொன்னான். ஏதோ ஓர் உயர் சக்தியை நம்புவதாக ஒப்புக்கொள்ள ஒரு வாரம் போலத் தவணை தந்தார்கள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, நீக்கப்பட்டான். அந்த ஒரு வாரத்தில் அவன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பொய் சொல்வது. விதிகளில் முதலாவது, சாரணன் நம்பத்தக்கவன் என்பது. முதல் விதியைக் காப்பாற்றியதற்காகப் பன்னிரண்டாவது விதியின் பேரில் வெளியே அனுப்பினார்கள். வாயால் சொல்லவைத்துச் சோதிக்கும் பக்தி எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நம்பிக்கை உள்ளவர்களோடும் உரசல் வந்தது. ஒருநிலைவாத உலகளாவியர் என்ற தாராளப்போக்குச் சபையார் தங்கள் பதக்கக் கையேட்டில் சங்கத்தின் கொள்கைகளை விமர்சித்து எழுதியிருந்தார்கள். 1998இல் சங்கம் அந்தப் பதக்கத்துக்கான ஏற்பைத் திரும்பப் பெற்றது. சமாதானம் ஆக 2016 வரை பிடித்தது. பிறர் நம்பிக்கையை மதிப்பான் என்ற இரண்டாம் பாதி அத்தனை ஆண்டும் எங்கே இருந்தது என்று அந்தச் சபைப் பிள்ளைகள் கேட்டிருந்தால் யார் பதில் சொல்வது?

அட்லாண்டிக்கின் இரு கரைகளும் எதிரெதிர்த் திசையில் நடந்த காலம் அது. பிரிட்டனில் இஸ்லாமியர் அல்லாஹ் என்றும் பௌத்தர் தர்மம் என்றும் மாற்றிச் சொல்லும் வழக்கம் முன்பே இருந்தது. 2013இல் பெண் சாரணியர் அமைப்பு கடவுளை நேசிப்பேன் என்ற பகுதியை எடுத்துவிட்டு, எனக்கு உண்மையாக இருப்பேன், என் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வேன் என்று எல்லோருக்கும் ஒரே வாசகமாக்கியது. சாரணர் சங்கம் வேறு வழி எடுத்தது. பழைய வாசகத்தைத் தொடவில்லை. நம்பிக்கையற்றவர்களுக்குச் சாரண நெறிகளைக் கடைப்பிடிப்பேன் என்று சொல்லும் மாற்று வாசகத்தை 2014 ஜனவரியிலிருந்து அதன் அருகில் வைத்தது. இரண்டில் எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. முதலாவது ஏற்பாட்டில் நம்பிக்கை உள்ள சிறுமி தன் கடவுளின் பெயரைச் சொல்லும் உரிமையை இழந்தாள். இரண்டாவதில் யாரும் எதையும் இழக்கவில்லை. அதே காலத்தில் அமெரிக்கா இறுக்கியது. 2016 முதல் ஒவ்வொரு படியிலும், கடவுளுக்கான கடமையை எப்படிச் செய்தாய் என்று சாரணன் தலைவரிடம் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு காத்தும் மத அமைப்புகளைத் தக்கவைக்க முடியவில்லை. மார்மன் திருச்சபை 2019 இறுதியோடு வெளியேறியது. உறுப்பினர் விதிகளில் வந்த மாற்றங்களால் உறவு முன்பே குளிர்ந்திருந்தது. உலகெங்கும் உள்ள தன் பிள்ளைகளுக்குத் தானே ஒரு திட்டம் நடத்த முடிவு செய்தது அந்தச் சபை. 2020 பிப்ரவரியில் சங்கம் திவால் பாதுகாப்புக் கோரியது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக 82,000க்கும் மேற்பட்டோர் மனு செய்தார்கள். இழப்பீட்டு நிதி 240 கோடி டாலரைத் தாண்டியது. இதை இக்கட்டுரையில் ஏன் சொல்ல வேண்டும் என்றால், அந்தக் குழுக்களில் பெரும்பகுதி ஆலயங்களின் கூடத்தில் கூடியவை. பெரியவரைக் கேள்வி கேளாமல் இருப்பதையே பக்தி என்று பழக்கிவிட்ட இடத்தில் பிள்ளை வாய் திறக்க எத்தனை வருஷம் ஆகும்! பயபக்தியைக் கற்பிக்கும் எவரும் இந்த இருட்டைப் பார்க்காமல் கடந்துபோக முடியாது. சிறுமியர் முன்பே உள்ளே வந்துவிட, 2025 முதல் சங்கத்தின் பெயரே மாறி, வேறொரு உருவில் நடக்கிறது. பன்னிரண்டாவது விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

பிரான்ஸ் இந்தச் சிக்கலைத் தொடக்கத்திலேயே பிரித்து வைத்துத் தீர்த்துக்கொண்டது. அங்கே ஒரு சங்கம் இல்லை, பல. மதம் சாராச் சாரணர்கள் 1911இலிருந்தே இருந்தார்கள். சீர்திருத்தச் சபையாருக்கு ஒன்று. கத்தோலிக்கருக்கு 1920இல் ஏசு சபைக் குரு ஜாக் செவான் முன்னின்று தொடங்கிய சங்கம். யூதர்களுக்கு 1923இல் ரொபேர் காம்சோன் தொடங்கியது. முஸ்லிம்களுக்கு 1990இல். எல்லாம் ஒரே கூட்டமைப்பின் கீழ். ஒதுங்கி வாழ்வதற்கு இது வசதி என்று குறை சொல்லலாம். ஆனால் போர்க்காலத்தில் காம்சோனின் யூதச் சாரணர்கள் செய்ததைப் பார்த்தால் அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது. தடை வந்ததும் தலைமறைவானார்கள். போலி அடையாளத் தாள்கள் தயாரித்தார்கள். குழந்தைகளைப் பண்ணைகளிலும் கன்னிமாடங்களிலும் ஒளித்தார்கள், எல்லை தாண்டி அனுப்பினார்கள். தன் சமயம் எது என்று தெரிந்த பிள்ளைகள் என்பதால்தான் அந்த வலைப்பின்னல் அத்தனை சீக்கிரம் எழுந்தது.

அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் அல்ஜீரியாவில் முகமது பூராஸ் முஸ்லிம் சாரணர்களைத் திரட்டினார். 1941இல் பிரெஞ்சு அதிகாரம் அவரைச் சுட்டுக் கொன்றது. 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாளில், செடிஃப் நகரத்து ஊர்வலத்துக்கு முன்னே நடந்தவர்கள் அந்தச் சாரணர்கள்தாம். கொடி பிடித்த இளைஞன் சுடப்பட்டான், தொடர்ந்து நடந்தது படுகொலை. கடவுளுக்கும் அரசருக்குமான கடமை என்று ஒரே விரலில் இரண்டையும் முடிந்து வைத்த வெள்ளைக்காரத் தளபதி இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அரசே கடவுளை எழுதிக்கொடுக்கும் வகையும் உண்டு. இந்தோனேசியாவில் 1961இல் எல்லாச் சங்கங்களையும் இணைத்து உருவான பிரமுக்கா இயக்கத்தில் முதல் விதியே ஏக இறைவனிடம் பக்தி. அது அந்நாட்டின் பஞ்சசீலக் கொள்கையின் முதல் வரியோடு ஒட்டியது. எதிர்க்கோடியில் சோவியத் ஆட்சி சாரணியத்தைத் தடைசெய்து 1922இல் இளம் முன்னோடிகளை உருவாக்கியது. கழுத்துத் துணியையும் ‘தயாராயிரு’ என்ற முழக்கத்தையும் வைத்துக்கொண்டு கடவுளைக் கழற்றிவிட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே செக் சாரணர்களின் வழி எனக்குப் பிடித்தமானது. நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் மாறி மாறித் தடை செய்தும் மீண்டு வந்த அவர்கள் உயரிய உண்மைக்கும் அன்புக்கும் ஊழியம் செய்வதாக உறுதி கூறுகிறார்கள். கடவுளின் துணையை வேண்டும் கடைசிச் சொற்றொடரை விரும்புகிறவர் சேர்த்துக்கொள்ளலாம், விரும்பாதவர் விட்டுவிடலாம்.

இந்தியாவுக்கு வருவோம். 1909இல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் தொடங்கிய சாரணர் குழு ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கானது. இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. கதவைத் திறந்தது மதராஸ். 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார், ஜார்ஜ் அருண்டேலின் துணையோடு இந்தியப் பையன்களுக்குத் தனிச் சங்கம் அமைத்தார். தலைப்பாகை கட்டி, இந்தியப் பாடல்களைப் பாடிய சாரணர்கள் அவர்கள். எல்லா மதங்களுக்கும் அடியில் ஒரே உண்மை என்ற பிரம்ம ஞான சபையின் கொள்கை பெசன்டுக்கு மூச்சு. ஆகவே பல மதத்துப் பிள்ளைகளை ஒன்றாக நிறுத்திப் பிரார்த்திக்கவைப்பது அவருக்கு ஒரு சிக்கலாகவே தோன்றியிராது. 1918இல் அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் ஸ்ரீராம் பாஜ்பாயும் சேவா சமிதிச் சாரணர்களைத் தொடங்கினார்கள். அங்கே அழுத்தம் சேவையின் மேல். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்டின் சங்கம் அவருடையதோடு இணைந்தது. சேவா சமிதி விலகி நின்றது. இந்தியரின் ஒழுக்கத்தைக் குறைத்துப் பேடன் பவல் எழுதியது 1930களின் பிற்பகுதியில் மனங்களைப் புண்படுத்தி, 1938இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் எழுந்தது. விடுதலைக்குப் பிறகு எல்லாம் சேர்ந்து 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கமாயின. மறு ஆண்டு சாரணியரும் இணைந்தார்கள்.

பாரத சாரண சாரணியர் உறுதிமொழியில் கடவுளுக்கும் நாட்டுக்கும் என்ற வரிசை அப்படியே இருக்கிறது. விரும்பினால் கடவுள் என்பதற்குப் பதில் தர்மம் என்று சொல்லலாம் என்ற குறிப்பும் இருக்கிறது. ஒன்பது விதிகளில் கடவுள் கிடையாது. இந்த விஷயத்தில் நாம் அமெரிக்காவைப் பின்பற்றாமல் பேடன் பவலைப் பின்பற்றியிருக்கிறோம். நல்ல வேளை. விதியில் இல்லாததால், நீ கடமையைச் செய்தாயா என்று படிக்குப் படி விசாரிக்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. பக்தி நம்மிடம் கேள்வித்தாளாக வராமல் சர்வ சமயப் பிரார்த்தனையாக வந்தது.

பயிற்சி முகாமிலோ பெருந்திரளணியிலோ ஒரு காலைப் பொழுதில் அது நடக்கும். காலணியைக் கழற்றிவிட்டு எல்லோரும் தரையில் வட்டமாக உட்காருவார்கள். பகவத்கீதை, குர்ஆன், பைபிள், குருவாணி, சமண பௌத்தப் பிரார்த்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படும் அல்லது பாடப்படும். பிறகு சிறிது நேரம் மௌனம். பேச்சு கிடையாது, விளக்கம் கிடையாது, கைதட்டல் கிடையாது. காந்தியின் ஆசிரமப் பிரார்த்தனைக் கூட்டங்களின் வாசனை அதில் தூக்கலாக அடிக்கும். 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் நடந்த வைர விழாப் பெருந்திரளணிக்கு நாடெங்கிலுமிருந்து வந்து கூடாரமடித்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் பலருக்கு, வேற்று மதத்து வேதவரி ஒன்று தன் காதில் முழுதாக விழுவது இப்படிப்பட்ட ஒரு கூடுகையில்தான் முதல்முறையாக நடந்திருக்கும். பிறர் நம்பிக்கையை மதிப்பது என்று அமெரிக்கர்கள் ஏட்டில் எழுதிவைத்ததை நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து செய்கிறோம்.

இதைப் பாராட்டும் அதே வாயால் குறையையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் இது சடங்காகிவிட்டது. குல்லா அணிந்த பையனைக் கூப்பிட்டு குர்ஆனைக் கொடுப்பார்கள், சிலுவை அணிந்த பெண்ணைக் கூப்பிட்டு பைபிளைக் கொடுப்பார்கள். பிள்ளை அங்கே தன் மதத்தின் பிரதிநிதியாகி விடுகிறது. அந்த மதத்துப் பிள்ளை அந்த முகாமில் இல்லையென்றால் அந்த வாசிப்பும் சில சமயம் விடுபட்டுப் போகும். வாசிக்கும் வரிக்குப் பொருள் சொல்பவர் அரிது. முகாமில் தினமும் பாடும் பிரார்த்தனைப் பாடல் இந்தியில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ராகத்தை அருமையாகப் பிடித்துக்கொள்கிறார்கள், என்ன கேட்டு வேண்டுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. பொருள் தெரியாத வேண்டுதலுக்கு நம் கோயில்களிலும் பஞ்சமில்லை என்று யாரேனும் மடக்கலாம். மடக்கட்டும். ஆனால் பத்து நிமிஷம் செலவழித்துப் பொருளைத் தமிழில் சொல்லிவிட்டுப் பாடவைப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஒருவர் வேதத்தை இன்னொருவர், அதன் பொருளைக் கேட்டறிந்து, வாசிக்கும்படி ஒரு சாரண ஆசிரியர் மாற்றி அமைத்தால் அந்தக் காலைப் பொழுதின் தன்மையே மாறிவிடும். உச்சரிப்புக்காகவாவது அந்தப் பையன் தன் தோழனிடம் போய்க் கேட்டாக வேண்டும் அல்லவா.

அடுத்த கேள்வி சட்டத்தைச் சேர்ந்தது. நம் சாரணர் குழுக்கள் பெரும்பாலும் பள்ளிகளில் இயங்குகின்றன. அவற்றில் அரசுப் பள்ளிகள் ஏராளம். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆம் பிரிவு; அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் இடத்திலும் ஒருவரைச் சம்மதமில்லாமல் வழிபாட்டில் கலந்துகொள்ளும்படி வற்புறுத்தக் கூடாது; சிறாரென்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். சாரணியம் விரும்பிச் சேர்வது, சர்வ சமயப் பிரார்த்தனை போதனை ஆகாது என்று பதில் சொல்லலாம். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் விரும்பிச் சேர்ந்த பிள்ளைக்கும் மனச்சாட்சி உண்டு. 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கேரளப் பள்ளி வழக்கு இங்கே துணைக்கு வரும். யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி நீக்கியது. நின்றதே மரியாதைக்குப் போதும், பாடும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லி நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அந்தப் பிள்ளைகள் பாடாததும் பக்தியால்தான். வாய்ச்சொல்லையும் உள்ளத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டியதில்லை என்ற இடத்தை நம் நீதிமன்றம் எட்டியது.

மிச்சமிருப்பது நம்பிக்கையற்ற வீட்டுப் பிள்ளை. தமிழ்நாட்டில் இது கற்பனைப் பிள்ளை அல்ல. சுயமரியாதைத் திருமணம் செய்த பெற்றோரின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் இங்கே மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் பிரவேஷ் என்ற நுழைவுப் படிக்கு உறுதிமொழி எடுக்க வரும்போது அவனுக்குக் கிடைப்பது இரண்டு சொல்: கடவுள், இல்லையென்றால் தர்மம். இரண்டாவதை அறநெறி என்று எடுத்துக்கொள்ளேன் என்று ஆசிரியர் சமாதானம் சொல்வார். பெரியார் படம் மாட்டிய வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தச் சொல் எந்தச் சுமையோடு வருகிறது என்பதை யோசிப்பவர் குறைவு. பெரும்பாலான பிள்ளைகள் எதையும் கிளப்பாமல் சொல்லிவிட்டுப் போகும். அமெரிக்காவைப் போல வழக்கு வராததற்குக் காரணம் நம் சகிப்புத்தன்மை மட்டுமல்ல, எதையும் பெரிதுபடுத்தாமல் சொல்லிவிட்டுப் போகும் இந்தப் பழக்கமும்தான். மானத்தின் மேல் ஆணை என்று தொடங்கும் உறுதிமொழியை அப்படிச் சொல்லிவிட்டுப் போகப் பழக்குவது நல்ல பயிற்சியா என்று சாரண ஆசிரியர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்கு இந்த நாட்டில் இந்த நெருக்கடி இல்லை. அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை அமைச்சருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் இரண்டு வழி தருகிறது: கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். 1967இல் அண்ணா அமைச்சரவை இரண்டாவது வழியில்தான் பதவியேற்றது. அதற்குப் பின் எத்தனையோ பேர் இரண்டு விதமாகவும் ஏற்றிருக்கிறார்கள். யாருடைய நாட்டுப்பற்றையும் அதை வைத்து யாரும் அளக்கவில்லை. கோட்டையில் அமைச்சருக்குள்ள இந்த வசதி, பள்ளி மைதானத்தில் ஸ்கார்ஃப் கட்டி நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு இல்லை. உலக அமைப்பு தடுக்கும் என்று சாக்கு சொல்வதற்கும் இல்லை. பிரிட்டன் 2014 முதல் மாற்று வாசகத்தோடு அதே அமைப்பில்தான் உறுப்பினராக இருக்கிறது. தர்மம் என்று சொல்லலாம் என்று குறிப்பு எழுதிய கைக்கு, உளமார என்றும் சொல்லலாம் என்று இன்னொரு வரி எழுத ஒரு தேசியக் குழுக் கூட்டத்தின் தீர்மானம் போதும்.